மேட்டுத் தோட்டத்து எறிகாரனும் ஒன்பதாம் விதியும்

"ஒரு தோட்டத்துத் தொழிலாளியைக் கம்பெனியின் வேறொரு தோட்டத்துக்கு மாற்றும்போது அவனுடைய சம்மதத்தைப் பெற வேண்டும், அவன் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது, இவை குறித்து ஐயம் எழுந்தால், தலைமை அலுவலகத்தின் பதில் வரும்வரை இருந்த நிலையே தொடரும்."

இது எங்கள் ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் நிர்வாக விதிகளில் ஒன்பதாவது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியவன் நான். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே விதி எந்தச் சேதமும் இல்லாமல் பல காலம் சுவரில் இருந்தது.

போன மாதம் குளுவாங்கில் சங்கக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். தோட்டக் குமாஸ்தா வேலை பார்க்கும் இளம் கிராணிமார் நாலைந்து பேர் ஒரு பந்தாட்டக்காரனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாநிலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவன் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டானாம். விட்டவர்கள் முட்டாள்கள் என்றான் ஒருவன். வாங்கியவர்கள்தான் முட்டாள்கள் என்றான் இன்னொருவன். மூன்றாமவன் என் பக்கம் திரும்பி, "ஐயா காலத்துல இந்தத் தலைவலியெல்லாம் இல்லலா?" என்று கேட்டான்.

"இருந்தது. எங்களுக்கு அது பேஸ்பால்" என்றேன்.

என் வயதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் கிராணி வேலை கற்றதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் எடுபிடியாக இருந்து, கடிதத்தை மடிப்பது முதல் மழுப்புவது வரை கற்றேன். "துரை கேட்டதுக்குப் பதில் எழுதாதே, கேட்டிருக்க வேண்டியதுக்கு எழுது" என்பது அவர் எனக்குத் தந்த முழுக் கல்வி. பிறகு ரெங்கத்துக்கு உள்ளே தள்ளி, எல்லோரும் மேட்டுத் தோட்டம் என்று அழைத்த ஜப்பான்காரர் தோட்டத்தில் பெரிய கிராணி ஆனேன். இருபதுகளின் நடுவில் ஜொகூரில் அப்படிப்பட்ட தோட்டங்கள் பல இருந்தன.

அங்கே மேனேஜர் மோரி துரை. ஜப்பான்காரர் ஒருவரைப் பற்றி நல்லவிதமாக எழுதுவது எங்கள் தலைமுறைக்கு எளிதல்ல. யுத்தத்தில் ஜப்பான்காரர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு வேலைக்குப் போன என் தம்பி திரும்பவில்லை. அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் மோரி துரை யுத்தத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டவர். அவர் கணக்கை அவர் பெயரில்தான் எழுத வேண்டும்.

விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு ஆட்கள் கூடுமுன்பே அவர் வெள்ளைத் துணிச் சப்பாத்துடன் களத்தில் நிற்பார். தொழிலாளர் பெயர்களைக் கங்காணி கூப்பிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் லேசாகத் தலையை ஆட்டுவார். அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், முதலில் அதன் விளிம்பை மேசையின் விளிம்போடு ஒட்டி வைப்பார். விளக்கெண்ணெய் வாங்கும் சீட்டானாலும் கடைசி வரி வரை படிப்பார். பிறகு முத்திரை குத்தி, மை காயும்வரை அதன் மேல் ஊதுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எல்லோரும் ஏதாவது வேலையை நினைத்துக்கொண்டு வெளியே போய்விடுவோம். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது பாசார் மலாய் என்னும் சந்தை மலாயில். என்னைக் "கிராணி சான்" என்று மரியாதையாக அழைப்பார்.

அவருக்கு ஒரே பலவீனம் பேஸ்பால். கல்லூரி நாளில் பந்து பிடிப்பவராக இருந்தவர். வலது கை மோதிரவிரல் அதற்குச் சாட்சியாகக் கோணியிருந்தது. எங்கள் தோட்டத்துக்கும், ஜொகூர் ஆற்றங்கரையில் இதே கம்பெனி வைத்திருந்த தோட்டத்துக்கும் அடிக்கடி ஆட்டம் நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் வேண்டும். ஜப்பான் உத்தியோகஸ்தர்கள் அத்தனை பேர் இல்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் எப்போதும் காய்ச்சலில் கிடப்பார்கள். மிச்சத்துக்குத் தொழிலாளர்களைச் சேர்த்தார்.

சின்னக்கண்ணு ஆட்டத்துக்கு வந்தது அப்படித்தான். அவன் கித்தா, அதாவது ரப்பர், நாற்றங்காலுக்குக் காவல்காரன். குரங்குகள் வந்து இளங்கன்றுகளைப் பிடுங்காமல் மண்ணாங்கட்டியால் விரட்டுவது வேலை. ஒரு காலை துரை அந்தப் பக்கம் போனபோது, வேலிமேல் உட்கார்ந்திருந்த கடுவன் குரங்கை நோக்கி அவன் எறிந்தான். கட்டி அதன் காதோரம் மயிரை உரசினாற்போல் போனது. மறுபடி எறிந்தான், மறுகாது. குரங்கு ஓடிவிட்டது. துரை அவனை மூன்று நான்கு முறை எறியச் சொல்லிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஏன் ஒருமுறையும் குரங்கின்மேல் படவில்லை என்று கேட்கச் சொன்னார்.

"ஆஞ்சநேயர் ஆச்சுங்களே, ஐயா. அடிச்சா பாவம். பக்கத்துல வுட்டா போதும், அதுவே போயிரும்" என்றான் சின்னக்கண்ணு.

நான் மொழிபெயர்த்தேன். துரையின் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமானது. மட்டைக்காரனின் உடம்பில் படாமல், ஆனால் உரசுவதுபோல், வேகமாகப் பந்தை அனுப்புவதுதான் அந்த விளையாட்டின் பாதி வித்தை. அதை ஒருவன் பக்தியினால் கற்று வைத்திருந்தான்.

எங்கள் சனம் அவனை எறிகாரன் என்றது. ஆட்டத்துக்கு முன்னால் அவன் நிற்கும் மேட்டில் தேங்காய் உடைப்பார்கள். சிதறிய சில்லுகளைத் துரையே குனிந்து பொறுக்குவார், ஆட்டக்காரர் காலில் குத்தக் கூடாதென்று. ஒரு வருஷத்துக்குள் மேட்டுத் தோட்டத்தில் பேஸ்பால் பற்றிக் கருத்து இல்லாத ஆள் இல்லை. கருத்து சொல்லும் இடம் ராவுத்தர் கடை. பால் வெட்டு முடிந்து, குளித்து, மத்தியானத்துக்கு மேல் அங்கே கூடுவார்கள். ஒருமுறை ஜெயிக்க இருந்த ஆட்டத்தில் துரை சின்னக்கண்ணுவைப் பாதியில் வெளியே எடுத்து, ஜப்பான் கணக்கரை எறியவிட்டு, தோற்றுவிட்டோம். மறுநாள் நான் சுருட்டு வாங்கப் போனபோது கடையில் இடம் இல்லை.

"ஜெயிக்கிற ஆட்டம். எறிகாரன எதுக்கு வெளிய எடுத்தாரு?" என்றார் ராவுத்தர், தேநீரை ஆற்றிக்கொண்டே.

"கை சோந்து போச்சு ராவுத்தரே." சொன்னவர் கங்காணி வீரப்பன், ஆட்டத்தை அவரைவிடக் கவனமாகப் பார்த்தவர் யாருமில்லை.

"சோந்தத நீங்க பாத்தீங்களாக்கும்?"

"தோள எறக்கிட்டான். நான் பாத்தேன். மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான சீவுறோம்? தெனம் சீவுனா பட்டை காஞ்சு போவும்னு துரையே சொல்றாரு. அவன் கை என்ன, மரத்த வுட ஒசத்தியா?"

"அதுக்காக அந்தக் கணக்கரையா வுடுறது? அவரு எறிஞ்ச பந்து போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரெண்டு ரொட்டி சுட்டுருவேன்."

"நீங்க சுடுற ரொட்டிய எறிஞ்சா மட்டையே ஒடஞ்சிரும். அதையும் துரைகிட்ட சொல்லவா?"

வீரப்பன் சொன்ன மரக்கணக்கை மட்டும் நான் துரையிடம் சொன்னேன். அதற்குப் பிறகு சின்னக்கண்ணு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் எறிந்தான். வீரப்பன் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரட்டுக் களத்தில் துரை அவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொன்னபோது, பதிலுக்குத் தலைப்பாகை கீழே விழும்வரை குனிந்தார்.

இந்த நிலையில் சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது. சின்னக்கண்ணுவை அடுத்த வாரப் படகில் ஆற்றங்கரைத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அவனுக்கு ஈடாக அங்கிருந்து ஓர் ஆசாரி வருவான். விஷயம் இதுதான்: தலைமை அலுவலகத்துப் பெரிய துரை, ஆற்றங்கரை அணியை வைத்துச் சிங்கப்பூர் ஜப்பான் வியாபாரிகளின் அணியைத் தோற்கடிக்க ஆசைப்பட்டார். அவர் மோரி துரையின் கல்லூரியில் அவருக்கு மூத்தவர். அணித் தலைவராக இருந்தவர். அவர் சொன்னதற்கு எதிர்ச்சொல் சொல்லும் வழக்கம் மோரி துரையிடம் இல்லை.

செய்தி எனக்கு முன்னால் கடைக்குப் போய்விட்டது.

"நம்ம எறிகாரன ஒரு ஆசாரிக்குக் குடுத்துட்டாங்களாம்" என்றார் ராவுத்தர். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தாக்கூடச் சமமாப் பாப்பாங்கய்யா."

வெற்றிலை வாங்க வந்த பெண்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆசாரி வந்தா லயத்து வூடுங்களுக்குக் கதவு போடுவான்" என்றாள் ஒருத்தி. "பந்து எறிஞ்சா எங்க வூட்டு ஒழுகல் நிக்குமா?"

"கதவு என்னைக்கு வேணும்னாலும் போடலாம் ஆத்தா. இந்தக் கை கெடைக்குமா?"

"நீ போய் மழைல படுத்துப் பாரு, அப்புறம் கையப் பத்திப் பேசு."

வழக்கு அன்று முடியவில்லை. பாதித் தோட்டம் ஆசாரி பக்கம், பாதி எறிகாரன் பக்கம். சம்பந்தப்பட்டவனைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "துரை சொன்னாப் போவணும்ல, ஐயா. எங்க போனாலும் கொரங்கு இருக்கும்" என்றான். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி அஞ்சலை அலுவலக வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அது நிறைமாதத்துக்குச் சற்று முந்திய மாதம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, அது சரின்னுதான் சொல்லும். யாரு கேட்டாலும் சரின்னுதான் சொல்லும். நான் சொல்லல. ஆத்தங்கரைல மருந்து குடுக்க டிரசரும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல. மொதப் புள்ளய அப்படி ஒரு தோட்டத்துலதான் பெத்தேன். பொதச்சிட்டுத்தான் இங்க வந்தோம். அது போனா நானும் போவணும். போவமாட்டேன்னு எழுதுங்க."

நான் மொழிபெயர்க்குமுன்பே, அவள் நின்ற நிலையிலிருந்து துரைக்குப் பாதி புரிந்திருந்தது. அவர் தந்தியை எடுத்து மேசை விளிம்போடு ஒட்டி வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் வெளியே போக எழுந்தேன்; உட்காரச் சொன்னார்.

"கிராணி சான், விதி என்ன?"

ஒன்பதாவதைச் சொன்னேன்.

"முடியாது என்று என்னால் எழுத முடியாது" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஆனால் எனக்குப் புரியவில்லை என்று எழுதலாம். மூத்தவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைதான்."

அன்று மாலை முழுவதும் அந்த ஒரு கடிதத்தை எழுதினோம். நான் ஆங்கிலத்தில் வரைவு எழுதுவேன். அவர் ஒரு சொல்லை அடிப்பார். நான் வேறு சொல் போடுவேன். 'ஆட்சேபணை' என்ற சொல் எங்கும் வரக் கூடாது. 'பணிவுடன்' மூன்று இடத்தில் வர வேண்டும். கடைசியில் தேறியது இது: 'தங்கள் உத்தரவு கிடைத்தது. அதில் தொழிலாளியின் மனைவியும் சேர்த்தியா என்பது குறிப்பிடப்படவில்லை. ஒன்பதாம் விதியின்படி, தங்கள் விளக்கம் வரும்வரை இருந்த நிலையே தொடரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அவர் முத்திரை குத்தி, வழக்கத்தைவிட அதிக நேரம் ஊதினார்.

படகு நாள் வந்து போனது. பதில் வரவில்லை. சேர்த்தி என்றால் ஆஸ்பத்திரி இல்லாத இடத்துக்கு ஒரு கர்ப்பிணியை அனுப்பியதாகும். சேர்த்தி இல்லை என்றால் குடும்பத்தைப் பிரித்ததாகும். இரண்டையும் எழுத்தில் தர அங்கே யாருக்கும் கை வரவில்லை என்பது என் ஊகம்.

பெண் குழந்தை பிறந்தது. கால் முதலில் வந்தது என்று டிரசர் பிறகு சொன்னார். தான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார். இரண்டாம் முறை சொல்ல யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆசாரியைக் கேட்ட பெண்கள்தான் அஞ்சலைக்கு முறை வைத்துப் பத்தியச் சோறு கொண்டுபோனார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் பெரிய துரையே வந்தார். சின்னக்கண்ணு அன்று ஆற்றங்கரை ஆட்கள் ஒவ்வொருவரின் காதோரமும் ஆஞ்சநேயரைக் கண்டான்போலும்; பந்தை மட்டையால் தொட்டவர்கள் மிகக் குறைவு. ஆட்டம் முடிந்து இரு துரைகளும் எதிரெதிரே குனிந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. பிறகு மோரி துரையிடம் கேட்டேன்.

"உனக்கு ஒரு தந்தி அனுப்பியிருந்தேனே என்றார். உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேனே என்றேன்." அதற்குமேல் அவர் சிரித்தாரா என்பதைச் சொல்ல முடியவில்லை, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு கித்தா விலை விழுந்தது. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மரங்களைச் சீவாமல் விட்டார்கள். ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். முதலில் நாற்றங்காலை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இனி யாரும் கன்று நடப்போவதில்லை. ஆகவே காவல்காரன் தேவையில்லை. சின்னக்கண்ணுவுக்கு ஊரில் காணி நிலமோ கூரையோ கிடையாது. கைக்குழந்தையுடன் துறைமுகத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவதென்றே அவர்களுக்குத் தெரியாது.

இப்போது துரையே என்னிடம் வந்தார். "கிராணி சான், இந்த ஆள் நம்முடையவனா, ஆற்றங்கரைத் தோட்டத்துடையவனா?"

"பதில் வரும்வரை சொல்ல இயலாது, துரை."

"நம்முடையவன் என்று உறுதியாகாத ஆளை நாம் விலக்கலாமா?"

"விதியில் இடமில்லை."

"ஆற்றங்கரைத் தோட்டம்?"

"அவர்கள் கைக்கு இன்னும் போய்ச் சேராத ஆளை அவர்களும் விலக்க முடியாது."

அவர் தலையசைத்தார். சின்னக்கண்ணு கித்தா உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகு போடும் வேலைக்கு மாறினான். ஒரு விளையாட்டுப் பைத்தியத்தால் வந்த உத்தரவு அந்தக் குடும்பத்தை இந்த நாட்டில் நிறுத்தி வைத்தது. மற்றவர்களுக்கு அப்படி ஒரு தந்தி வந்திருக்கவில்லை. கங்காணி வீரப்பன் போனார். கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனார்கள். அவர்களுக்காக நான் எந்தக் கேள்வியும் எழுதவில்லை. எழுத ஒரு விதியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ரெங்கம் ஸ்டேஷனில் வீரப்பன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப ராவுத்தரும் வந்திருந்தார்.

"அங்க போயி யாருகிட்ட இந்த ஆட்டத்தப் பத்திப் பேசுவீரு?" என்றார் ராவுத்தர்.

"பேசுனா நம்புவானுங்களா? குடிச்சிருக்கான்னு சொல்லுவானுங்க." ரயில் வந்ததும் வீரப்பன் என் கையைப் பிடித்தார். "கிராணி ஐயா, பையன வாராவாரம் எறிய வுட்றாதீங்க. துரைக்கு ஆச வந்தாலும் நீங்க வுடாதீங்க."

அதற்கு அவசியம் நேரவில்லை. ஒன்பது பேர் சேரவே ஆளில்லாமல் போனது. மைதானத்தில் மரவள்ளி போட்டோம். அந்த வருஷங்களில் அது பேஸ்பாலைவிடப் பயன்பட்டது.

மோரி துரை ஊருக்குத் திரும்பும்போது, முடிவாகாத காரியங்களை எல்லாம் புதிய மேனேஜரிடம் முறைப்படி ஒப்படைத்தார். சின்னக்கண்ணு விஷயமும் அதில் இருந்தது. பதில் வராத கடிதத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் போக வேண்டும் என்பது முறை. அவர் அந்த இடத்தில் விரலை வைத்து, புதியவரிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: "இதற்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டாம். தலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் வேலை அதிகம்." அவர் முறையை மீறி நான் பார்த்தது அது ஒன்றுதான். போகும்போது எனக்குத் தலைகுனிந்தார். நானும் குனிந்தேன். எனக்குத் தலைப்பாகை இல்லாததால் விழ ஒன்றுமில்லை.

நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு காலையில் தபால் வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ புதிய ஆள் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டும். பேஸ்பால் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார். 'மனைவியும் சேர்த்தி. உத்தரவை உடனே நிறைவேற்றவும்.'

புதிய மேனேஜர் உத்தரவு என்றால் நிறைவேற்றுகிறவர். சின்னக்கண்ணுவுக்கு ஆள் அனுப்பினேன். அவன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தார்கள். குழந்தையின் நெற்றியில் பெரிய குங்குமம், விரலில் ஒட்டிய அரிசி. ஆற்றங்கரைத் தோட்டத்தில் அப்போதும் ஆஸ்பத்திரி இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை.

"போவணுமா, ஐயா?" என்றான் சின்னக்கண்ணு. அஞ்சலை என்னையே பார்த்தாள்.

"நில்லு" என்றேன். "இதுல புருஷன் இருக்கு, பொஞ்சாதி இருக்கு. மகளப் பத்தி ஒண்ணும் இல்லையே."

ஒரு புதுத் தாளை எடுத்து மேசை விளிம்போடு ஒட்டி வைத்தேன். 'தங்கள் விளக்கம் கிடைத்தது. அதில் தொழிலாளியின் மகளும் சேர்த்தியா என்பது குறிப்பிடப்படவில்லை' என்று தொடங்கினேன். 'பணிவுடன்' மூன்று இடத்தில் வந்தது. புதிய மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவேயில்லை. முதல் கேள்விக்குப் பதில் வந்து சேர்ந்தது, அந்தப் பிள்ளை அரிசியில் 'அ' எழுதிய விஜயதசமி அன்று.